கருப்பு ஓரம் போட்ட அட்டை

இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். சீட்டுக்கட்டில் இருக்கும் ஒரு சீட்டின் அளவு. அந்த அளவுக்குள் வரையலாம், வெட்டி ஒட்டலாம், ஊசி நூல் கொண்டு தைக்கலாம். அளவு மட்டும் மாறக் கூடாது. முடித்த பிறகு, பின்பக்கத்தில் செய்தவரின் பெயர், தேதி, ஊர் மூன்றையும் எழுத வேண்டும். காசுக்கு விற்கக் கூடாது. ஒருவருக்கு ஓர் அட்டை அனுப்பினால் அவர் ஓர் அட்டை திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். வெளிநாட்டில் யாரோ தொடங்கி வைத்த பழக்கமாம். ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு என்று அதற்குப் பெயர். என் வாய்க்குள் அது நுழையாததால் குட்டி அட்டை என்றே சொல்லி வந்தேன்.

பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இந்தக் கத்தரிக்கோலும் பசையும் உனக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் ஒருவர்கூட என் கணவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை கொடுத்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, எப்போதாவது ஒரு சொல் வரும், அதுவும் அவர் நினைத்த சொல்லாக இருக்காது. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. முன்னறையில் சன்னலோரம் கட்டிலைப் போட்டோம். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நேரமே கிடைக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேரம் கிடைக்கும். ஆனால் துண்டு துண்டாகக் கிடைக்கும், எதற்கும் உதவாத அளவில் கிடைக்கும். கஞ்சி கொடுத்ததற்கும் வாய் துடைத்ததற்கும் நடுவில் கொஞ்சம், மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் கொஞ்சம். அந்த நேரத்தில் கடைக்குப் போக முடியாது, கண்ணை மூடவும் முடியாது. அப்படி உட்கார்ந்து கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் குட்டி அட்டை செய்து காட்டிய வீடியோ வந்தது. அவர் இருமினால் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஒட்டலாம். அதனால்தான் அது எனக்கு ஒத்துவந்தது, வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. மருந்துப் பெட்டியும் பழைய காலண்டரின் பின்னட்டையும் அட்டைக்கு ஆகும். மாத்திரைப் பட்டையின் வெள்ளித்தாளை வட்டமாக வெட்டினால் நிலா. எக்ஸ்ரே வைத்துக் கொடுத்த பழுப்பு உறையில் நல்ல மண் நிறம் இருந்தது. வீட்டில் இருந்த வியாதி முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் தப்பில்லை. முடித்ததை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டுவேன். பிடித்திருந்தால் இடது கையால் தொடுவார், பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வார்.

கைபேசியில் இதற்கென்று ஒரு குழு இருந்தது. சேர்ந்தேன். பாதிப் பேர் ரோஜாப்பூ, மீதிப் பேர் பட்டாம்பூச்சி. ஒருவரையொருவர் சூப்பர் சூப்பர் என்று மெச்சிக்கொள்வார்கள். வெளியே வந்துவிடலாம் என்றிருந்தபோது ஆத்தூரிலிருந்து ஒருத்தி எனக்கு ஓர் அட்டை அனுப்பினாள். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள், என்னைவிட வயதில் மிகவும் சின்னவள். அட்டை முழுக்க களத்தில் காயும் நெல், நிஜ உமியை ஒட்டியிருந்தாள். அதன் குறுக்கே ஒரு நாய் நடந்து போன கால் தடம். நாய் இல்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சி ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். இவர் இடது கையை நீட்டித் தொட்டார்.

அதன்பின் எங்கள் இருவருக்குள்தான் அட்டைகள் போய் வந்தன. நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதும் குறைவு. எழுதிக்கொள்வோம். மற்றவர்கள் எல்லாம், இப்போது எப்படி இருக்கிறார், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பேச்சுக்குப் போவார்கள். அவள் அப்படிக் கேட்கவில்லை. படுத்த இடத்திலிருந்து அவருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்த ஒரு மாலையில் அந்தக் கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். சன்னலில் புளியமரத்தின் ஒரு கிளை, அதன் கீழே நெடுஞ்சாலையில் ஒரு துண்டு. இருட்டிய பிறகு லாரியின் வெளிச்சம் சன்னல் வழியாக வந்து கூரையில் ஓடி மறையும். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று அவருக்குத் தெரியும், அவர் புருவம் அசைவதில் எனக்கு அது தெரியும். இதையெல்லாம் அவளுக்கு எழுதினேன்.

அவரைப் பற்றி என்னிடம் அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான். அவளும் இல்லாமல் போனால் மனம் விட்டுப் பேச எனக்கு ஆள் மிச்சமில்லை என்பதை அப்போதே அறிந்திருந்தேன். அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

நங்கையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. தம்பி விழுந்த பிறகு தன் வீட்டைப் போட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தார். கூழ் காய்ச்சினார், துணி துவைத்தார், புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதை மறந்தால் என் வாய் வெந்துபோகும். ஆனால் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அது அவர் வீடாகிவிட்டது. எந்தச் சட்டியை எங்கே கவிழ்ப்பது என்பதுகூட அவர் சொல்படிதான். என் பெயருக்கு வரும் தபாலையும் அவர்தான் பிரிப்பார். என் குட்டி அட்டைகளை ஒருநாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. குப்பை சேர்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பகலில் நான் இவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். நங்கையா வாசற்படியில் நின்றபடி, உள்ளே வராமல் பேசினார். தீட்டுக் கழியத் தன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, ஆத்தூர்ல நமக்கு ஆரு சொந்தம்? அங்க ஒருத்தி தவறிட்டாளாமா. காயிதம் வந்துச்சு, கிழிச்சு வெளிய வீசிட்டேன்.”

பெயரையும் சொன்னார். அவள் பெயர்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்லும் காகிதத்துக்குக் கருப்பு ஓரம் போட்டிருக்கும். கருமாதிப் பத்திரிகையும் அப்படித்தான். இறந்தவர் பெயர், தேதி, ஊர். படித்ததும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் அறிந்தது இது. நங்கையா உறையைப் பிரித்திருக்கிறார். கருப்பு ஓரத்தோடு ஓர் அட்டை, திருப்பினால் ஒரு பெண்ணின் பெயர், ஒரு தேதி, ஆத்தூர். அதற்கு மேல் அவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஈரத்துணியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. வெளியே ஓடினேன். சாக்கடை ஓரத்தில் துண்டுகள் கிடந்தன. ஒன்றைப் புரட்டினேன். பெயர் இருந்தது, அவள் கையெழுத்தில். செத்துப்போனவள் தன் சாவை எப்படி எழுதி அனுப்புவாள்? அந்தக் கேள்வி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தெருவில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துண்டுகளைக் கழுவித் துடைத்து, வேறோர் அட்டையின் மேல் சேர்த்து ஒட்டினேன். ஒரு சன்னல். சுற்றிலும் கருப்பாக இருந்தது சன்னலின் சட்டம். சட்டத்துக்குள் கம்பிகள், புளியங்கிளை, அதன் கீழே விரல் நக அளவுக்குச் சாலை. ஒரு மூலையில் மஞ்சள் நூலால் தைத்த இரண்டு புள்ளிகள், வருகிற லாரியின் விளக்கு. எங்கள் வீட்டுக்கு வந்தே இராதவள் நான் எழுதியதை வைத்து அவர் கண் பார்க்கும் சன்னலைச் செய்திருந்தாள்.

அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கண்ணை மூடவில்லை. இடது கை மேலே வந்தது. வாய் கோணிக்கொண்டு நெடுநேரம் முயன்றது.

“நம்மூடு,” என்றார்.

நம் வீடு. சரியான சொல். விழுந்த பிறகு அவர் நினைத்ததும் சொன்னதும் ஒன்றாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அட்டையை அவருடைய தலையணைக்கு அடியில் வைத்தேன். அன்றே அவளுக்கு எழுதினேன்: வந்தது, பார்த்தார், நம்மூடு என்று சொன்னார். கிழிந்ததைச் சொல்லவில்லை, அதைச் சொல்ல என்ன அவசியம் என்று இருந்துவிட்டேன். அவள் பதிலுக்கு அக்கா என்று மட்டும் எழுதினாள். வேறெதுவும் அவளால் எழுத முடியவில்லை என்று புரிந்துகொண்டேன்.

ஆத்தூர்க்காரி சாகவில்லை என்று சொன்னால் நங்கையாவும் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

“உசுரோட இருக்கறவ எதுக்கு அம்மிணி கருப்போரம் போட்டு, பேரெழுதி அனுப்போணும்? நோயாளி படுத்திருக்கற ஊடுன்னு தெரியாதா அவளுக்கு?”

அது சன்னல் என்றேன். சட்டம் என்றேன். விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் பார்வை என்னைவிட்டு விலகி, உள்ளே தம்பி படுத்திருந்த கட்டிலுக்குப் போய்விட்டது. அன்று மாலை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு வார்த்தை கூடுதலாகவே பேசிவிட்டேன்.

சில வாரங்களில் என் கணவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாமக்கல்லில் காட்டினோம். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு விடியற்காலையில் போய்விட்டார். அவர் போன விதத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அவரைத் தூக்கிக் கிடத்தியபோது படுக்கையைச் சுருட்டினார்கள். பாய், தலையணை, போர்வை எல்லாம் அவரோடே சுடுகாட்டுக்குப் போய்விடும், அது வழக்கம். தலையணையை எடுத்தபோது அட்டை கீழே விழுந்தது. நங்கையா குனிந்து பார்த்தார். தான் கிழித்து வீசியது, ஒட்டுப்போட்டு, தம்பியின் தலைக்கு அடியில். அவர் போட்ட ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ ஒரு பெண் அட்டையை விரல் நுனியால் எடுத்துச் சுருட்டிய பாய்க்குள் செருகினாள். அதுவும் அவரோடு எரிந்தது.

அன்று பகலுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் சளியால் சாகவில்லை, பக்கவாதத்தால் சாகவில்லை, ஆத்தூரிலிருந்து வந்த கருப்போரக் காகிதத்தால் செத்தார். அதைத் தலைக்கு அடியில் வைத்தவள் பெண்டாட்டி. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, அப்படியே நகர்ந்து நங்கையாவிடம் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. தாலி கழற்றாத பெண்டாட்டி மூலையில் உட்கார்ந்து கோபப்பட எங்கள் வழக்கத்தில் இடம் கிடையாது, அழத்தான் இடம்.

கருமாதிக்கு முன்னால் ஒரு முற்பகலில் அவள் வந்தாள். நான் செய்தி எழுதியிருந்தேன், ஆனால் வருவாள் என்று நினைக்கவில்லை. ஆத்தூரிலிருந்து வாழப்பாடி வழியாகச் சேலம், அங்கே பஸ் மாறி எங்கள் ஊர். ஒல்லியாக, வெளுத்துப்போன பருத்திச் சேலையில் ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து கைகளைப் பிடித்தாள். கட்டைவிரல் நகத்தில் காய்ந்த பசை. “நாந்தான்க்கா,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அதுவரை அழுததெல்லாம் கணக்கில் சேராது என்று தோன்றியது.

அழுகை ஓய்ந்ததும் நங்கையா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊருங்க என்று கேட்டார். அவள் ஆத்தூருங்க என்றாள்.

நங்கையா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். நெஞ்சில் அடைத்துக்கிடந்ததைச் சொல்ல அந்த ஊர்க்காரியே கிடைத்துவிட்ட வேகம். முதலிலிருந்து சொன்னார்: உறை வந்தது, பிரித்தது, கருப்போரம், கிழித்து வீசியது. இவள் பொறுக்கி ஒட்டித் தலையணைக்கு அடியில் வைத்தது. அதன் பிறகு தம்பி எழவே இல்லை என்பது. அந்த மகராசிக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவரின் அழுகை அது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அட்டையில் படித்த பெயரைச் சொன்னார்.

“அந்தப் பேர்ல அங்க ஆரையாச்சும் உங்களுக்குத் தெரியுங்களா?”

அவள் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“தெரியாதுங்கம்மா,” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரப் பெண்கள் வந்து இறங்கினார்கள். வாசலிலிருந்தே ஓலத்தோடு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி விட்டால் அடுத்தவள். தலைகளுக்கு நடுவில் அவள் சேலையின் வெளுத்த நிறம் எழுந்து நின்றது தெரிந்தது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். அவள் அப்படியே போனாள். வழக்கப்படி போனாளா, இனி வருவதற்கில்லை என்று போனாளா என்று அவள் முதுகைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று மாலையே எழுதினேன். அவர் அந்தச் சன்னலைப் பார்த்ததும் பேசியதும் நிஜம், மற்றதெல்லாம் துக்கத்தில் பேசுகிற பேச்சு, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினேன். பலமுறை அழித்து எழுதினேன். பதில் வந்தது: “சரிங்கக்கா. உடம்பப் பாத்துக்கோங்க.” எல்லோரும் எழுதுகிற வரி. அவள் அதுவரை எனக்கு எழுதாத வரி.

மாதங்கள் கழித்து ஓர் உறை வந்தது. இந்த முறை நானே வாசலுக்குப் போய் வாங்கினேன். உள்ளே ஒரு குட்டி அட்டை. நடுவில் பொன்நிறத் தாளில் வெட்டிய ஒரு தாமரை. கடையில் தயாராக விற்கிற படத்தைப் பார்த்து வெட்டியது, பிசிறில்லாமல் இருந்தது. ஓரம் முழுக்க வெள்ளை. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தாள், கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல. எனக்கு இனி மஞ்சள் ஆகாது என்று ஊர் சொல்லிவிட்ட பிறகு, அவள் பயந்து பயந்து அந்த நான்கு மூலைகளையும் தொட்டிருக்கிறாள்.

நங்கையா என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார். அவர் ஓர் அட்டையின் படத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருப்பினார். பெயரைப் படித்தார்.

“இப்பத்தான் அவளுக்குப் புத்தி வந்திருக்குது,” என்றார். கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நங்கையாவின் மேல் மட்டுமில்லை, அந்தத் தாமரையின் மேல், அதை வெட்டிய கையின் மேல். கால் தடத்தை மட்டும் வைத்து நாயைக் காட்டியவள் இவள். பதில் அட்டையைக் கருப்பு ஓரத்தோடுதான் அனுப்புவேன் என்று உட்கார்ந்தேன். அதே சன்னல், அதே சட்டம், வெளியே புளியங்கிளை, கட்டில் இருந்த இடத்தில் வெறும் தரை. அட்டையை வெட்டினேன். சன்னலையும் கிளையையும் ஒட்டினேன். சட்டம் மட்டும்தான் பாக்கி. அவளுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதினேன், பயப்படாதே, ஒன்று வருகிறது என்று. பதில் உடனே வந்தது. அவளுடைய அப்பாவைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், மெதுவாக அனுப்புங்க அக்கா என்றிருந்தாள்.

கருப்பு மைப் புட்டி திறந்தபடி எதிரில் இருந்தது. நோயாளி இருக்கிற வீடு. மை தொட்ட பஞ்சை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். இதெல்லாம் வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். யாரைவிடவும் நன்றாகத் தெரியும். கை போகவில்லை. அவள் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற ஒரே நினைப்பில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நங்கையாவைத் திட்டிய வாயோடு நானே அந்தப் புட்டியை மூடினேன்.

சன்னல் ஒட்டிய அட்டையைக் கிழித்துவிட்டு, வேறோர் அட்டையில் சிவப்புத் தாளில் ஒரு ரோஜா வெட்டி ஒட்டி, வெள்ளை ஓரம் விட்டு அனுப்பினேன். அழகாக இருக்கிறது அக்கா என்று எழுதினாள். அவள் அப்பா பிழைத்துக்கொண்டார். அதன்பின் எங்களுக்குள் அட்டைகள் தவறாமல் போய் வருகின்றன. அவள் தாமரை அனுப்புகிறாள், நான் ரோஜா அனுப்புகிறேன். வருகிறவற்றை நங்கையா ஒன்று விடாமல் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவைக்கிறார்.